கரண்டியோடு நின்றவள்

கண்ணைத் திறந்தபோது கம்பிக் கதவுக்கு வெளியே பாதிக் குடியிருப்பு நின்றது.

ஞாயிறு மதியம். கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் சாய்ந்திருக்கும் நேரம். அப்படியும் அத்தனை பேர்.

அவருக்கு உடம்பெல்லாம் வேர்வை. தொண்டை எரிந்தது. அப்படியென்றால் தூக்கத்தில் கத்தியிருக்கிறார்.

பள்ளி மைதானத்தில் அவர் விசில் ஊதினால் எண்ணூறு பிள்ளைகள் கல்லாய் நிற்பார்கள். பி.டி. மாஸ்டர். அந்தத் தொண்டைதான் சற்று முன் 'ஐயோ, வேண்டாம், விட்டுரு' என்று அழுதிருக்கிறது.

மனைவி செண்பகம் அடுக்களையிலிருந்து ஓடி வந்த வேகத்தில், கையில் கரண்டியோடு நின்றாள்.

வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். கரண்டியைப் பார்த்தார்கள். போதாதா?

"ஏட்டி செண்பகம், ஆம்பளையப் போட்டு இப்படியா அடிப்ப?" என்றாள் எதிர்வீட்டு எஸ்தர்.

பின்னாலிருந்து யாரோ களுக்கென்றார்கள்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பைக்கிலிருந்து விழுந்து, தலை தரையில் மோதி ஒரு மாதம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் கண்ணை மூடினால் லாரிச் சக்கரம் நெஞ்சில் ஏறி நிற்கிறது. செண்பகத்துக்கு மட்டும் தெரியும். தலையில் லேசாக அடிபட்டாலும் கெட்ட கனவு வரும், பயம் வரும், குறையாவிட்டால் வெட்கப்படாமல் வந்து சொல்லுங்கள் என்றிருந்தார் டாக்டர்.

வெட்கப்படாமலாம்.

மூன்றாவது மாடிக்காரர் கொஞ்ச நாள் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தார். அவருக்குக் 'கழண்ட கேஸ்' என்று பேர் வைத்ததே நம் மாஸ்டர்தான்.

வாயைத் திறக்கவில்லை.

செண்பகம் அவரையே பார்த்தாள். கொஞ்ச நேரம். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஆமா மைனி. கறியில உப்பு பத்தலைன்னாக. ஒண்ணு வச்சேன்."

கொல்லென்று சிரிப்பு. கூட்டம் மனம் நிறைந்து கலைந்தது.

சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் படியேறும்போது எஸ்தரின் புருஷன் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வலிக்கா சார்?"

அவர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"விடுங்க. கோவம் வந்தா அவ அப்படித்தான். மத்தபடி நல்லவ."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். நாலு படி மேலே, காய்ந்த துணிகளை அணைத்துக்கொண்டு செண்பகம்.

சுவரோரம் ஒதுங்கினாள். சேலை அவர்மேல் பட்டுவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழி விட்டாள்.