மலை ரயில் வரிசை

கப்பல் அந்த மலையடித் துறைமுகத்தில் நின்றதும் பயணிகள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்தார்கள். ஒன்று மலை ரயிலுக்கு, மற்றது சுற்றுலாப் பேருந்துக்கு. தண்டபாணி மனைவி மரகதவல்லியின் கையைப் பிடித்துப் பேருந்து வரிசைக்கு இழுத்தார். நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

"பஸ்ஸுன்னா எங்க வேணா நிறுத்தச் சொல்லலாம். அவ்வளவு உசரத்துல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு வருவா?"

"ரயில்ல போகலாம்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். முப்பத்தாறு வருஷமா உன்னைப் பார்த்துக்கிறவன் நான்."

"பார்த்துக்கிட்டீங்க, இல்லேங்கல. ஆனா இந்த நாலு மாசமா செத்துப்போனவளைப் பார்க்கிற மாதிரில்ல பார்க்கிறீங்க."

அவர் பிடி தளர்ந்தது. அவள் கையை உருவிக்கொண்டு ரயில் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவர் இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளைத் தவிர.

ரயில் ஏற ஏறக் குளிர் கூடியது. அடி தெரியாத பள்ளத்தாக்கின் மேல் ஒடிசலான இரும்புப் பாலம் ஒன்று வந்தது. எதிரே இருந்த பயணி ஒருவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். மரகதவல்லி ஜன்னலோரம் நகர்ந்து நேராகக் கீழே பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. தையல் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "அடி, நல்லா அடி" என்றாள்.