வட்டமாக ஓர் இருட்டு

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்தேன். டிஎன்ஏவில் ஒட்டிய சாயம் ஒளி பட்டால்தான் மினுங்கும். அந்த ஒளியே அதைத் தீர்த்தும்விடும். பார்த்த இடம் வட்டமாக அணைந்துபோகும், திரும்ப வராது.

அதனால் ஒளியை மறைக்கும் ஷட்டரை மூட மறந்தவர்களுக்கு எங்கள் லேபில் அர்ச்சனை நிச்சயம். செய்பவர் என் கணவர்தான். "கண்ணாலயே தின்னுடாதீங்க. படம் எடுத்தமா, மூடினமான்னு இருங்க" என்பார். வீட்டில் விளக்கை அணைப்பதிலும் இதே கறார்.

இந்த ஸ்லைடு, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோன எங்கள் குழந்தையுடையது. ஏன் தங்கவில்லை என்று பார்க்க எங்கள் லேபுக்கே வந்தது. காரணம் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பச்சைப் புள்ளிகள், இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், அவ்வளவுதான். பெண்.

படம் இருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பது அவள் இல்லையே.

தூக்கிப் போட வேண்டிய ஸ்லைடைக் குளிர்பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன். பெட்டியின் சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான். அவர் குழந்தையின் பேச்சையே எடுப்பதில்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார். சரியான கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டு, இங்கே வந்து தனியாக அழுதுவிட்டுப் போவேன்.

எப்போதும் ஒரே மூலையைத்தான் பார்ப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன், மூச்சை விட்டதும் ஷட்டரை மூடிவிடுவேன்.

இன்று திறந்தால் ஒரே கருப்பு. ஒரு புள்ளிகூட இல்லை.

பார்த்துப் பார்த்தே பெண்ணைத் தீர்த்துவிட்டேன்.

பதறி மூடினேன். சுவர் விளக்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அவசரத்தில் ஸ்லைடைத் தலைமாற்றி வைத்திருக்கிறேன். நான் பார்த்தது எதிர்மூலை.

விளக்கை அணைத்து, திருப்பி வைத்துப் பார்த்தேன். என் மூலையில் அவள் இருந்தாள். மங்கலாக, ஆனால் இருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. எதிர்மூலைப் பக்கம் நான் போனதே இல்லை.

மறுபடி அங்கே நகர்த்தினேன். வட்டத்தை ஒட்டி வட்டமாக இருட்டு. ஷட்டரை மூட மனம் வராமல் யாரோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

வெளியே வந்தபோது அவர் தன் மேசையில் குனிந்திருந்தார். "சாப்பிட்டியா?" என்றார், நிமிராமலேயே.

பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

ஸ்லைடில் அவ்வளவு தூரம் அலைந்தவர், என் மூலையை மட்டும் எனக்கு விட்டுவைத்திருந்தார்.