கிழமேல் இருபத்திரண்டு அடி

"மேடம், அந்தம்மாவோட தையல் ரூம் என் இடத்துல நிக்குது. அளந்து பாத்து இடிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான் விஷயம்."

இரும்புக் கடைக்காரர் தன் மனுவின் நகலை நீட்டினார். சர்வேயர் அதை வாங்கிப் பையில் செருகினாள். பன்னிரண்டு வருஷ வேலையில் இந்த மாதிரி ஆட்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். சொந்த மனை மைதானம் மாதிரிக் கிடக்கும். ஆனாலும் பக்கத்து வீட்டு அரை அடி கண்ணை உறுத்தும்.

கடையில் கம்பியோ சங்கிலியோ, கேட்ட அளவுக்கு ஒரு அங்குலம் கூடாமல் வெட்டிக் கொடுப்பார் அவர். தெருவில் அவருக்குப் பேரே 'அங்குலம்'தான்.

பக்கத்து வாசலில் தையலக்கா நின்றாள்.

"அந்த ரூம் போச்சுன்னா மெஷினை எங்க போடுவேன் மேடம்? அவர் போனப்புறம் ரெண்டு பொண்ணுங்களையும் அதுதான் படிக்க வைக்குது."

"அழாதீங்க. முதல்ல அளப்போம்."

அங்குலத்தின் மகன்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சீக்கிரம் முடிங்க மேடம்," என்றான் பெரியவன். "அடுத்த மாசம் அஸ்திவாரம் தோண்டறோம். மூணு மாடி. இந்த நடுச் சுவரை ஒட்டியே எழுப்பப் போறோம்."

"சுவர் யார் கட்டினது?"

"எங்க தாத்தா."

சர்வேயர் இரண்டு பத்திரங்களையும் விரித்தாள்.

"அம்மா, உங்க மனைக்கு மேற்கே பொதுச் சந்து, கிழக்கே இவரோட மனை. நடுவுல கிழமேல் இருபத்திரண்டு அடி. ஐயா, உங்களுது கிழமேல் முப்பது. சந்து முனையில கல் இருக்கு. அங்கேருந்து தெருவோரமா அளக்கறேன்."

டேப்பின் இரண்டு முனைகளையும் சண்டைக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது அவள் வழக்கம். நாளைக்கு யாரும் டேப்பின் மேல் பழி போட முடியாது.

தையலக்கா கல்லருகே குந்தி, டேப்பின் நுனியை அதன்மேல் அழுத்திப் பிடித்தாள். அங்குலம் மறுமுனையை இழுத்துக்கொண்டு கிழக்கே நடந்தார்.

"இழுத்துப் பிடிம்மா! பாவாடையா அளக்கறே? தொய்வு விட்டா அளவு போயிடும்!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேண்ணே..." அவள் குரல் உடைந்தது.

மனுஷனா இவர் என்று சர்வேயருக்குத் தோன்றியது. ஆனால் டேப்பின் மேல் கண்ணை வைத்திருந்தாள். பதினெட்டு. பத்தொன்பது. அதில் சுவர் வந்துவிட்டது. டேப் இன்னும் ஓடியது.

இருபத்திரண்டில் அங்குலம் நின்றார். சுவரைத் தாண்டி, தன் மனைக்குள்ளேயே.

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் கிட்டே நெருங்கியது. சர்வேயர் கிழக்கு ஓரத்திலிருந்தும் ஒருமுறை அளந்தாள். முப்பது அடி சரியாக அதே இடத்தில் வந்து முடிந்தது.

"ஐயா, தையல் ரூம் உங்க இடத்துல இல்லை. உங்க சுவர்தான் அவங்க இடத்துல மூணு அடி உள்ள நிக்குது."

கூட்டத்தில் நின்ற சைக்கிள் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். "அடேயப்பா! இன்னிக்கு அங்குலத்துக்கு விழுந்தது மூணு அடி!"

சின்ன மகன் பல்லைக் கடித்தான். "உங்களை யாருப்பா மனு போடச் சொன்னது? பேசாம இருந்திருந்தா கட்டி முடிச்சிருப்போம். ஒரு பய கேட்டிருக்க மாட்டான்!"

"வாடா போகலாம். இவரே வந்து சுவரை இடிக்கட்டும்!" பெரியவன் பைக்கை உதைத்தான். இருவரும் போய்விட்டார்கள்.

தையலக்கா கல்லை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரூம் இருந்தா போதும் மேடம். அந்த மூணு அடி வேணாம். அவங்க குடும்பத்துல என்னால சண்டை எதுக்கு?"

"நான் என்ன உனக்குத் தானமா குடுக்கறேன்?" அங்குலம் எரிந்து விழுந்தார். "பத்திரத்துல உன்னுதுன்னு இருக்கு. எடுத்துக்கோ. உள்ள போய் வேலையைப் பாரு!"

அவள் உள்ளே போனாள். கூட்டமும் கலைந்தது.

சர்வேயர் ஸ்கூட்டர் சீட்டின் மேல் பலகையை வைத்து அறிக்கையை எழுதி முடித்து, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"ஆட்சேபணை இருந்தா எழுதுங்க. மறுபடி அளக்க வேற ஆள் வருவாங்க."

"இல்லைன்னு எழுதிட்டா?"

"அதோட முடிஞ்சது. மனு உங்களுது. டேப் பிடிச்சது நீங்க. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறதும் நீங்க. நாளைக்கு உங்க பிள்ளைங்ககூட எதுவும் கேக்க முடியாது."

"அந்தம்மாவைப் போய்த் தொந்தரவு பண்ணவும் முடியாதே?"

"எப்படி முடியும்? திட்டறதுன்னா உங்களைத்தான் திட்டணும்."

தலையாட்டிக்கொண்டார். 'ஆட்சேபணை இல்லை' என்று ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

பேனாவைத் திரும்ப வாங்கும்போது சர்வேயரால் வாயை அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. இரும்புக் கடை வச்சிருக்கீங்க, கையிலேயே டேப் இருக்கு. மனு போடறதுக்கு முன்னாடி நீங்களே ஒருதரம் அளந்து பாத்திருக்கக் கூடாதா?"

மகன்கள் போன திசையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அளந்தேனே மேடம். மூணு தடவை அளந்தேன். அப்புறம்தான் மனுவே போட்டேன்."