சுருட்டை யார் வழி?

“காய்ஞ்ச முடியில சீப்பு வைக்காதம்மா! ஈரத்துல கிரீம் தடவி, விரலாலயே சிக்கெடுக்கணும்” என்று மகள் அலறினாள்.

“அப்படி எடுத்துத்தான் காக்கா கூடு மாதிரி நிக்குதா? பார்லர்ல சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு மொத்தமா நேராக்கிட்டுத்தான் மறுவேலை” என்றாள் அம்மா.

“எனக்குச் சுருட்டைதான் பிடிச்சிருக்கு.”

“எல்லாம் உன் அத்தை வழி வந்த வினை! எங்க வம்சத்துல யாருக்காவது இப்படி இருக்கா?”

அப்பா பெருமூச்சு விட்டார். மகள் பிறந்ததிலிருந்து தன் அக்காவின் சுருட்டைத் தலைக்கு அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, வழக்கம்போல் படுக்கையறையைப் பூட்டிக்கொண்டாள். அவளுக்குத் தலை காயும்வரை யாரும் கதவைத் தட்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சற்று நேரத்தில் கரண்ட் போனது. கதவு திறக்கவேயில்லை.

“ஏய், என் சட்டை உள்ளே இருக்கு. ஆபீஸுக்கு லேட்டாகுது!” என்று அப்பா சட்டத்தை மீறித் தட்டினார்.

“கரண்ட் வரட்டுங்க.”

“சட்டை எடுத்துக் கொடுக்க எதுக்குக் கரண்ட்?”

தட்டல் இடியாக மாறியதும் கதவு ஒரு சாண் திறந்தது. சட்டையை நீட்டிய கைக்கு மேலே அம்மாவின் தலை, மகளின் தலையை அச்சில் வார்த்ததுபோல் சுருள் சுருளாக. இன்னொரு கையில், சூடு ஆறிப்போன முடி நேராக்கும் மிஷின்.

அப்பா சட்டையை வாங்க மறந்தார். “அடிப்பாவி, இத்தனை வருஷமா எங்கக்காவை...”

“கரண்ட் வந்ததும் பேசிக்கலாம்.”

“பார்லருக்கு வரலைன்னு சொல்லிடவாம்மா?” என்றாள் மகள்.

“சொல்லித் தொலை. அப்படியே உள்ளே வந்து, இதை என்ன பண்றதுன்னு பாரு.”