ரோஸ் நிறத்தில் ஒரு பாட்டில்

வலிப்பு மருந்துக் குப்பியின் மூடி திறக்கப்படவே இல்லை.

ஆனாலும் திரையில் கோடு படுத்தே கிடந்தது.

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒயரை ஆட்டிப் பார்த்தாள். நூலை இழுத்துக் கட்டினாள். வெதுவெதுப்பான உப்புநீரில் எலியின் ரத்தக்குழாய்த் துண்டு சமர்த்தாகத் தொங்கியது.

அட்ரினலின் விட்டால் அது சுருங்கும். கோடு ஏறும். வலிப்பு மருந்தைக் கலந்துவிட்டால் மட்டும் ஏறாது. அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளை அந்த மருந்து அடைத்துவிடுகிறது.

மூன்று வருட ஆராய்ச்சியில் அவள் கண்டது அதுதான். அடுத்த வாரம் பிஎச்.டி. வைவா.

இன்று சாயங்காலம் மருந்து போட மறந்திருக்கிறாள். கோடு ஏறியிருக்க வேண்டும்.

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தாள்.

காலையில் கரைத்து வைத்த அட்ரினலின் பாட்டில். அப்போது தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது ரோஸ்.

வெயில் பட்டுச் செத்துப்போயிருந்தது.

காலையில் மருந்தில்லாமல், சாயங்காலம் மருந்தோடு. கைடு மாசிலாமணி சார் வகுத்துக் கொடுத்த முறை. மூன்று வருடமும், பாட்டில் அதே ஜன்னலோரம். சாயங்காலக் கோட்டைப் படுக்கவைத்தது மருந்தா, வெயிலா?

பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக ஒரு பாட்டில் அட்ரினலின் கரைத்தாள். உப்புநீரில் மருந்தை இரண்டு மடங்காக ஊற்றினாள். பிறகு ஒரு சொட்டு அட்ரினலின்.

கோடு விருட்டென்று ஏறியது.

மருந்து எதையும் அடைக்கவில்லை.

கதவு திறந்தது. பால்கோவா டப்பாவோடு மாசிலாமணி சார். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையை ஜர்னலில் ஏற்றுக்கொண்டார்களாம். டாக்டரம்மா ட்ரீட் எப்போ என்று கேட்டுக்கொண்டே வந்தவர், திரையைப் பார்த்ததும் நின்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அவர் இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற யாராச்சும் பார்த்தாங்களாம்மா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அவர் புது பாட்டிலை எடுத்தார். கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்துவிட்டு, நன்றாக ஓடட்டும் என்று காத்திருந்தார்.

ரோஸ் பாட்டிலைப் பழையபடி ஜன்னலோரம் வைத்தார்.

ஒரு பால்கோவாவை அவள் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

அட்ரினலின் பொடி ஃப்ரிட்ஜில் இன்னும் நிறைய இருந்தது.

அவர் வாசலைத் தாண்டும் முன்பே அவள் தராசை ஆன் செய்தாள். அது 'பீப்' என்றது.

அவருக்கும் கேட்டிருக்கும்.