தொண்ணூற்றோராம் நாள்

அந்த வீட்டில் அந்தச் சிவப்புப் பொத்தானைச் சந்திரனைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. தொடக்கூடாது என்று எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

காலை ஆறு மணி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் சந்திரன் பொத்தானை அழுத்தினார். செயற்கைக்கோள் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி பிந்துகிறது என்று திரை காட்டியது.

"எவ்ளோ?" நோட்டும் பேனாவுமாக நின்ற அவருடைய மனைவி ரேகா கேட்டாள்.

"பாயிண்ட் சிக்ஸ்." அவர் குரல் உடைந்தது. "நேத்து ஃபைவ் எய்ட். தினம் பின்னாடி போய்க்கினே இருக்குது."

ஆந்திர எல்லை ஊரான நகரியில் வேன் ஓட்டும் சந்திரன், ஏழு ஆண்டுகள் உழைத்துத் தம் கையால் செய்த கடிகாரம் அது. அவரைப் போன்ற கடிகாரப் பித்தர்களின் குழு ஒன்று அதற்கு நூறு நாள் சோதனை வைத்திருந்தது. அவர்கள் வந்து பெட்டிக்கு அரக்கு முத்திரையிட்டுப் போயிருந்தார்கள்; அதை உடைத்தால் தோல்வி. தானியங்கிக் கருவிகளுக்கு இடமில்லை. முற்காலத்து வானாய்வகங்களில் விண்மீன் தொலைநோக்கியின் கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்ததுபோல, கண்ணும் விரலுமே அளவுகோல்.

முதல் நாள் திரை காட்டியது 0.2. ஐம்பது நாள்வரை அது அசையவில்லை. பிறகுதான் ஏறத் தொடங்கியது. 0.7ஐத் தாண்டினால் எல்லாம் முடிந்துவிடும்.

வெயிலாக இருக்கும் என்று சன்னல்களைச் சாக்கால் மூடினார். அதிர்வாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு விசைத்தறிகளை மூன்று நாள் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். தறிகள் நின்றன, பிழை நிற்கவில்லை.

அந்தத் தறிக்காரர் சுரேஷ்பாபு வாசலில் வந்து நின்றார். "இன்னிக்காவது தறி ஓட்டலாமாண்ணா?"

"ஓட்டிக்கோ. உன் தறி இல்ல."

"போன வாரம் புத்தூர்ல ஆட்டோ மேல இடிச்சுட்டு, பிரேக் புடிக்கலன்னு மெக்கானிக்க திட்டின. அவன் பிரிச்சுப் பாத்து, எல்லாம் நல்லா கீதுன்றான். அப்புறம் என் தறி. எந்த மெஷினும் உன்கிட்ட நல்ல பேர் வாங்காது போலண்ணா!"

சிரித்தபடியே அவர் போய்விட்டார். ரேகா சிரிக்கவில்லை.

வெளியே வேனில் பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். திருமலையில் மொட்டை போடுவதற்காக ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அதன் பாட்டி லட்சுமம்மா சன்னலில் தலையை நீட்டினாள்.

"ட்ரைவரே! எங்க தரிசன டோக்கன் பதினோரு மணிக்கு. ஏழுமலையான் உன் கடியாரத்த பாத்தா கதவு தொறக்கிறாரு?"

சந்திரனின் காதில் எதுவும் விழவில்லை. மேசையிலிருந்த பிளேடை எடுத்து அரக்கின் ஓரத்தில் வைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"இன்னும் ஒம்போது நாள் இது தாங்காது, ரேகா. ஊசல் திருகாணிய கொஞ்சமா திருப்பிட்டு, அரக்க உருக்கி ஒட்டிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஏழு வருஷமா ஒரு நம்பர் கூட மாத்தி எழுதச் சொன்னதில்லியே நீங்க."

"பொய் சொல்றது நான் இல்ல. இதுதான்!" கண்ணாடியை நோக்கிக் கத்தினார். கண்கள் கலங்கியிருந்தன. "ஏழு வருஷம், ரேகா. தூக்கத்த வித்து செஞ்சேன். என்னையே ஏமாத்துது!"

அரக்கில் மெல்லிய கீறல் விழுந்தது.

ரேகா நோட்டைக் கீழே வைத்தாள். முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைத் தாண்டிக் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் 0.2.

"தொட்டியா? யாரக் கேட்டு..." பாதியில் நின்றார். எண்ணைப் பார்த்தார். பிளேடு மேசையில் விழுந்தது.

அடுத்த நிமிடம் அவரே அழுத்தினார். 0.6.

அதற்கடுத்த நிமிடம் ரேகா. 0.2.

மறுபடி அவர். 0.6. மறுபடி அவள். 0.2.

சந்திரன் நெற்றியைக் கண்ணாடிப் பெட்டியின் மீது சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

"அப்ப கடியாரம் ஓடினுதான் கீது! ஒரு துளி கூட பிசகல! நான் பாட்டுக்கு இத்தப் போயி உடைக்கப் பாத்தேனே... ரேகா, நம்ம கடியாரம் செயிச்சிடும்!"

வெளியே ஹாரன் அலறியது. சந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய வேன் சாவியை உற்சாகமாக எடுத்தார்.

"வரேன், வரேன்! இன்னிக்கு மலைய நாப்பது நிமிஷத்துல ஏறிடலாம்!"

ரேகா வாசற்படியை மறித்து நின்றாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"கடியாரத்துல தப்பு இல்லீங்க, பிரேக்குலயும் இல்ல... வண்டி சாவிய குடுங்க."