கவர்மெண்ட் கல்

என்னை முதலில் கடன்காரன் என்று சொன்னவன் தமிழ்மணி. அதுவும் குத்புதீன் பாய் டீக்கடையில், எல்லோர் முன்னாலும்.

காந்தி மார்க்கெட்டில் முதுகு வளையும்வரை மூட்டை தூக்கினவன் நான். ஒருவனிடமும் பணத்துக்குக் கை நீட்டியதில்லை. என்னைப் பார்த்து அந்த வார்த்தை!

நடந்தது இதுதான்.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருமுனைச் சாக்கடையின் மூடி உடைந்து போயிற்று. புத்தூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற ஜனமெல்லாம் அந்த வழிதான். அடுத்த வீட்டு லூர்துராணி அப்போது நிறைமாத வயிற்றுக்காரி. ஒரு கால் உள்ளே போய், விழப் பார்த்தாள்.

அன்றைக்குத் தமிழ்மணி ஓடி வந்தான். ஆளுங்கட்சியில் ஏதோ பொறுப்பில் இருக்கிறவன்.

"பெரியப்பா, உங்க வீட்டுத் துவைக்கிற கல்லு நல்ல அகலம். இரவலா குடுங்க. புது மூடி வந்ததும் நானே கொண்டாந்து போட்டுடறேன்."

கொடுத்தேன். கல் போனது. மூடி வரவில்லை. கல்லின் ஒரு பாதியில் தமிழ்மணி தன் கட்சிக் கொடியின் நிறத்தைப் பூசினான். மறுவாரமே எதிர்க்கட்சி அருள்ராஜ் மறுபாதியில் தன் கட்சி நிறத்தைப் பூசிவிட்டான்.

என் மனைவி ராக்கம்மாள் தரையில் குனிந்து துவைக்கிறாள். ராத்திரி அவள் இடுப்புக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை.

"கல்லு எப்ப வரும்?"

"கேக்கறேன்."

"இதையேதான் சொல்றீங்க. இன்னைக்குக் கல்லோட வாங்க. இல்லாட்டி உங்க வேட்டிய நீங்களே தொவைச்சுக்கங்க."

அதனால்தான் டீக்கடைக்குப் போனேன். அங்கே கடன் விவகாரம் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. என் கடன் இல்லை, அரசாங்கக் கடன்.

"பொறந்த பிள்ளை தலையிலகூட கடன ஏத்தி வச்சிருக்கீங்களேப்பா! வாங்கின பணம் எங்க போச்சு?" என்றான் அருள்ராஜ்.

"நீங்க வாங்கினதுக்குத்தான் நாங்க வட்டி கட்டறோம். உங்க ஆட்சியில மட்டும் உங்க வீட்டு உண்டியல்லேருந்தா செலவு பண்ணீங்க?" என்றான் தமிழ்மணி.

"கணக்கச் சொல்லு!"

"மொதல்ல உன் கணக்கச் சொல்லு!"

நான் நடுவில் புகுந்தேன். "தம்பி, அந்தக் கல்லு..."

"பெரியப்பா, நாட்டோட கடனப் பத்திப் பேசிட்டிருக்கோம். நடுவுல கடங்காரன் மாதிரி வந்து நிக்கறீங்களே!"

கடை முழுக்கச் சிரிப்பு. அருள்ராஜும் சிரித்தான். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்து அன்றுதான் பார்த்தேன்.

பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் தூறல் விழுந்தது. குத்புதீன் பாயிடம் கடப்பாரையை இரவல் வாங்கினேன். தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு போய்க் கல்லை நெம்பினேன். மூட்டை தூக்கின உடம்பு, இன்னும் பலம் இருக்கிறது. கல் புரண்டு ஓரமாக வந்தது.

வீட்டுப் பக்கம் அதைத் திருப்பும்போது லூர்துராணி வந்தாள். கைப்பிள்ளையைத் துண்டால் மூடியபடி, கீழே பார்க்காமல்.

"நில்லும்மா!"

நின்றுவிட்டாள். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் தாண்டி வந்தாள்.

அருள்ராஜ் சொன்னானே, கடன் ஏறிய தலை, அது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"கல்லு ஏன் மாமா தள்ளிக் கெடக்கு?"

"அடைச்சிருக்கான்னு பாத்தேன். போம்மா, பிள்ளை நனையுது."

அவள் போனதும் கல்லை மறுபடி சாக்கடை மேலேயே தள்ள ஆரம்பித்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

பாதி மூடியிருப்பேன். தமிழ்மணி வந்தான். காதில் போன்.

"கொஞ்சங்கூடப் பொறுப்பில்லாம கடன் வாங்கி வச்சிட்டுப் போயிட்டானுங்கண்ணே..."

பேசிக்கொண்டே திறந்திருந்த பாதியில் காலை வைக்கப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

சாக்குக்குள் என் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

"யோவ், யார்யா நீ? கவர்மெண்ட் கல்லத் திருடுறியா, கடங்காரா! ஒழுங்கா மூடிட்டுப் போய்யா!"

மூடினேன். அதன் மேலேயே நடந்து போனான்.

ராக்கம்மாள் வாசலில் நின்றாள். "கல்லு?"

"கடங்காரன்னுட்டான். ரெண்டு தடவை."

"குடுத்துட்டு, திருப்பிக் கேட்டு எதிர்ல போய் நிக்கிறவனுக்கும் அதான் பேரு. நாளைக்கும் போய் நில்லுங்க."

மறுநாள் டீக்கடையில் தமிழ்மணி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நேத்து ஒரு கடங்காரன் நம்ம தெருமுனைக் கல்லத் தூக்கப் பாத்தான். நான் மட்டும் போகலேன்னா?"

"உங்க ஆட்சியில கல்லுக்குக்கூடப் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லு," என்றான் அருள்ராஜ்.

"ஆளக் கண்டுபிடிச்சு உள்ள தள்றேனா இல்லையா பாரு!"

நான் கையிலிருந்த கடப்பாரையை மேஜை மேல் வைத்தேன்.

"இந்தாங்க பாய். நேத்து சாயங்காலம் வாங்கினது. இரவல் வாங்கினா திருப்பிக் குடுத்துடணும்ல?"

தமிழ்மணி கடப்பாரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தன் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டான்.

பிறகு அருள்ராஜ் பக்கம் திரும்பினான்.

"ஆங், எங்க விட்டோம்? நீங்க வாங்கின கடனுக்கு நாங்க கட்டற வட்டி..."

பாயிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு, தமிழ்மணி எதிரில் போய் நின்றேன்.

கடன்காரன் மாதிரி.